நிங்கின் வலது கால்

வலது செருப்பை மட்டும் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, காலுறை போட்ட பாதத்தை மிதிகட்டையின் மேல் வைக்கிறார் நிங். வைக்கிறார் என்றுகூடச் சொல்லக்கூடாது, நடுவில் ஒரு நெல்லளவு இடைவெளி இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் "ஆன்" என்றதும் பாதம் இறங்கும். "பத்து... இருபது..." என்று நிங் விநாடிகளைப் பத்துப் பத்தாக எண்ணுவார். அறுபது வரை எண்ண வேண்டும். பல நாள் முப்பதிலேயே கால் மேலே வந்துவிடும்.

"நான் நிறுத்தச் சொல்லலையே, இபு?"

"நான் சொன்னேன் டாக்டர்."

"அப்படி என்ன பாத்துட்டீங்க?"

"என்னவோ பிடிக்கல. மறுபடி வைங்க, நான் எங்க போயிடப் போறேன்?"

டாக்டருக்கு முப்பத்தாறு வயது, அவர் இபு, அதாவது அம்மா, என்று கூப்பிடும் நிங்குக்கு ஐம்பத்து மூன்று. டாக்டர் முனகிக்கொண்டே கம்பியை மறுபடி வைப்பார். எங்கள் ஜாவாவில், ஸெமாராங் நகரின் மற்ற மருத்துவமனைகளில் ஒரு நர்ஸ் இப்படிப் பேசினால் அன்றைக்கே வேறு வார்டு பார்க்கப் போயிருப்பார்.

எங்கள் அறைக்கு வருகிறவர்களுக்கு இதயம் திடீரென்று தறிகெட்டு ஓடும். நிமிடத்துக்கு இருநூறு தடவை அடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி பழைய நிதானத்துக்கு வந்துவிடும். இதயத்துக்குள் மின்சாரம் போக வேண்டிய பாதையை விட்டுக் குறுக்கு வழியில் சுற்றுவதுதான் காரணம். தொடையில் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம் வரை ஏற்றி, அந்தக் குறுக்கு வழியைக் கண்டுபிடித்து, ரேடியோ அலைச் சூட்டால் ஒரு கடுகளவு இடத்தைச் சுட்டுவிடுகிறோம். சூடு அறுபது டிகிரியைத் தாண்டாது. டாக்டர் கம்பியைப் பிடிப்பார், நான் திரையில் துடிப்புகளைப் பதிவு செய்வேன். மிதிகட்டையை மிதித்துச் சூட்டைக் கொடுப்பதும், காலை எடுத்து நிறுத்துவதும் நிங்.

சுடுவதற்கு முன் அந்தத் தறிகெட்ட ஓட்டத்தை நாங்களே கிளப்பிவிட வேண்டும். விழித்துக்கொண்டு படுத்திருக்கும் நோயாளி பயந்துபோவார். அவரிடம் ஒலிபெருக்கியில் நிங் பேசுவார்: "திருடன் வெளிய வந்தாத்தானே பிடிக்க முடியும்? நல்லா ஓட விடுங்க, ஐயா. நாங்க வாசல்லதான் நிக்கிறோம்." சிரித்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் வறுத்த தெம்பே சோயாக் கட்டியை ஒரு கடி, பச்சை மிளகாயை ஒரு கடி என்று மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டு, மருமகனின் சோம்பேறித்தனத்தை எனக்கு விளக்குவார். குறை சொல்வதற்கென்றே கடவுள் அந்த மருமகனைக் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய ஒரு பழக்கம் மட்டும் வார்டு முழுக்கக் கேலிக்கு இடம். தங்கை தெகால் என்கிற ஊரில் இருக்கிறாள். ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரம். நிங் பஸ்ஸில்தான் போவார், நாலு மணி நேரம், வாந்தி எடுத்துக்கொண்டு. "ரயில்ல பேய் இருக்கா, இபு?" என்று சின்ன நர்ஸுகள் கேட்பார்கள். "எனக்கு ஜன்னல் காத்து வேணும்" என்பார். நான் அந்தக் கேலியில் சேர்வதில்லை. ஸ்டேஷனில் வண்டி வருவதையும் போவதையும் அறிவிக்கும் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அது சேனோவின் குரல்.

பத்து வருடத்துக்கு முன்பு சேனோ இங்கே வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. ரயில் எஞ்சின் ஓட்டுநர் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். உடல் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அவ்வப்போது நெஞ்சு படபடவென்று ஓடும், அதைச் சரிசெய்துகொண்டு போகலாம் என்று வந்தான். அன்றைக்குக் கம்பியைப் பிடித்தவர் தலைநகரிலிருந்து வந்திருந்த பெரிய பேராசிரியர். அறையில் பத்துப் பதினைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேனோவுக்குச் சுட வேண்டிய இடம், இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்கும் வழிக்கு வெகு அருகில். அங்கே சுடும்போது திரையில் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் முள் மாதிரி ஒரு சின்னக் கோடு தெரிய வேண்டும். அது காணாமல் போனால் அந்த நொடியே சூட்டை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இறங்கும் வழியும் சேர்ந்து வெந்துவிடும். பேராசிரியர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் காணாமல் போனதை நிங் பார்த்தார். கால் மிதிகட்டையின் மேல்தான் இருந்தது. அவர் பேராசிரியரின் முகத்தைப் பார்த்தார்.

ஜாவாவில் பிறந்தவர்களுக்கு இது புரியும். பெரியவர் சொல்லாமல் நாமாக ஒன்றைச் செய்யக் கூசுவதைச் சுங்கான் என்போம். பிள்ளைகளுக்கு அதைத்தான் நல்ல பழக்கம் என்று சொல்லி வளர்க்கிறோம். பேராசிரியர் நிமிர்ந்து பார்த்து "ஆஃப்" என்றார். பதிவில் நான் அளந்து பார்த்தேன், முள் மறைந்ததற்கும் கால் எழுந்ததற்கும் நடுவே இரண்டேகால் விநாடி.

அந்த வழி திரும்ப வரவில்லை. சேனோவின் நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். எஞ்சின் வேலை போயிற்று, ஸ்டேஷனில் அறிவிப்பாளர் வேலைதான் கிடைத்தது. "நூத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும், உங்க பையனோட இதய வாகு" என்று குடும்பத்தாரிடம் சொன்னார்கள். நூற்றில் ஒருவர் என்பது பொய்யில்லை. முள் காணாமல் போனதை நானும் பார்த்தேன். நிறுத்துவது என் வேலை இல்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

அன்றிலிருந்துதான் நிங் வலது செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார், சொல்லாமலே காலை எடுக்கவும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சேனோ பேஸ்மேக்கரைச் சரிபார்க்க வருவான். கையில் ஒரு பெட்டி விங்கோ இருக்கும். தேங்காயும் பசையரிசி மாவும் சேர்த்துச் சுட்ட பணியாரம், சூடாகவே கொண்டுவருவான். "என் உயிரைக் காப்பாத்துன கை, இபு" என்பான். நிங் அதில் ஒன்றையும் வாயில் வைத்ததில்லை. பெட்டி அப்படியே எங்கள் மேசைக்கு வரும். நாங்கள்தான் தின்றோம்.

பேஸ்மேக்கரின் வேகத்தை மெல்லக் குறைத்து, அடியில் சொந்தத் துடிப்பு ஏதாவது எழுகிறதா என்று பார்ப்பது பரிசோதனையில் ஒரு பகுதி. மற்றவர்களுக்கு அதை நான் செய்வேன். சேனோவுக்கு மட்டும் நிங். திரையில் ஒரு நேர்கோடு நீளும், அவனுக்குத் தலை சுற்றும், நிங் வேகத்தை ஏற்றிவிடுவார். "இன்னும் வரல" என்று முணுமுணுப்பார். பத்து வருடமாக அதே வார்த்தை.

நோன்பு முடிந்து வரும் லெபாரன் பண்டிகைக்கு எல்லாரும் எல்லாரிடமும் கைகூப்பி, வெளியே செய்ததற்கும் மனசுக்குள் செய்ததற்கும் மன்னிப்புக் கேட்போம். என்ன செய்தோம் என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. பால்காரரிடமும் கேட்போம். நிங் சேனோவிடமும் ஒவ்வொரு வருடமும் கேட்டார். அவனும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்த மறுநாள் நிங் யாரிடமும் பேசமாட்டார்.

போன வியாழக்கிழமை சேனோ வந்தபோது பேஸ்மேக்கர் பேட்டரி முடியும் நிலை. அடுத்த மாதம் மாற்ற வேண்டும் என்று நிங் சொன்னார். சேனோ சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"என் பொண்ணு லாரஸையும் ஒரு தடவை பாத்துருங்க, இபு. நாலு வயசாகுது."

"அவளுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. என் நெஞ்சு இப்படிப் பொறந்துச்சுல்ல, அவளுக்கும் வந்துடுமோன்னுதான். நான் அவளை ஓட விடறதே இல்ல. பள்ளிக்கூடத்துலயும் சொல்லி வெச்சிருக்கேன். எல்லாப் புள்ளைங்களும் ஓடும்போது அவ டீச்சர் பக்கத்துல உக்காந்திருப்பா. சமர்த்து, அழமாட்டா."

நிங் என்னைப் பார்த்தார். நான் வெளியே போக எழுந்தேன்.

"நீ இரு, தர்மோ" என்றார். பிறகு அவனை, தம்பி என்கிற மாதிரி, மாஸ் என்று அழைத்துச் சொன்னார், எழுதிவைத்துப் படிப்பது போல ஒரே சீராக. "பேஸ்மேக்கர் வேணுங்கற மாதிரி உன் நெஞ்சு பொறக்கல, மாஸ். நான்தான் கெடுத்தேன். நிறுத்த வேண்டிய நேரம் எனக்குத் தெரிஞ்சுது. பெரிய டாக்டர் சொல்லட்டும்னு காலை எடுக்காம இருந்தேன். ரெண்டு செகண்ட். அவ்வளவுதான். லாரஸ் உடம்புக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"நானும் பாத்தேன், மாஸ்" என்றேன். பத்து வருடம் கழித்து வந்த வீரம்.

சேனோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் தினமும் பத்துத் தடவை மன்னிப்புக் கேக்கறேன், இபு" என்றான், மைக்கில் பேசும் அதே மெதுவான குரலில். "வண்டி தாமதம், மன்னிக்கவும்னு. ஒரு வண்டியைக்கூட நான் தாமதமாக்கினதில்ல."

பொத்தானை மறுபடி திருகினான்.

"அப்ப, லாரஸ் ஓடலாமா?"

"ஓடலாம். நாளைக்கே கூட்டிட்டு வா, இ.சி.ஜி. எடுத்துக் கையில குடுக்கறேன். ஆனா இன்னைக்கே ஓடச் சொல்லு."

அவன் பொத்தானைப் போட்டான். எழுந்தான். வழக்கமாகப் போய்வருகிறேன் என்பான், அன்றைக்குச் சொல்லவில்லை. விங்கோ பெட்டியை எடுத்துக்கொள்வதா விடுவதா என்று ஒரு நிமிடம் கையை அதன்மேல் வைத்திருந்தான். பிறகு விட்டுவிட்டு வெளியே போனான்.

நிங் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். வலது செருப்பு எப்போது கழன்றது என்று தெரியவில்லை, மேசைக்கு அடியில் கிடந்தது. பாதம் தரையிலிருந்து ஒரு நெல்லளவு உயர்ந்து அந்தரத்தில் நின்றது. வராந்தாவில் அவன் காலடிச் சத்தம் ஓயும் வரை அது கீழே இறங்கவில்லை.