படத்தில் விழாத பக்கம்

பஸ்மியா அந்தக் கிளை நூலகத்துக்கு வந்து இருபது வருடம் நெருங்குகிறது. பாலையூற்றுக்குப் போகிற வழியில், ஒரு தையற்கடைக்கும் சைக்கிள் திருத்துகிற கடைக்கும் நடுவில் இருக்கிறது அது. முன்னால் பத்திரிகை மேசை, அதற்கப்பால் நீள வாசிப்பு மேசைகள், பின்பக்கம் சுவருக்கு இடம் விட்டு, அதை மறைத்துக்கொண்டு உயரமான இரண்டு அலுமாரிகள். இரவல் கொடுக்காத தடித்த புத்தகங்கள் அந்த அலுமாரிகளில் இருந்தன. காலையில் பத்திரிகைகளைக் கம்பில் கோத்துப் போடுவது, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவது, ஓய்வூதியக்காரர்களின் அரசியல் சண்டை முற்றும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கரண்ட் போய்விட்டதாகச் சொல்வது, இவைதான் அவளுடைய வேலைகள். பின்னேரம் வீட்டுக்குப் போய்த் தேங்காய் துருவுவாள்.

நூலகங்களை நடத்துகிற நகரசபையிலிருந்து உத்தரவு வந்தபோதுதான் போன் அவளுடைய வேலைக்குள் நுழைந்தது. இளம் வாசகர்கள் குறைந்து போனார்களாம். ஒவ்வொரு கிளையும் பேஸ்புக் பக்கம் திறக்க வேண்டும், மெசெஞ்சரில் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், நாளுக்கு ஒரு படமாவது போட வேண்டும். ஒருநாள் பயிற்சியும் வைத்தார்கள். பயிற்சி தந்த இளைஞன் சொன்னான்: "பிள்ளையள் எல்லாம் போனுக்குள்ள இருக்கினம் மிஸ். நீங்கள் உள்ளுக்குப் போய்த்தான் கையப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வரவேணும்."

வீட்டில் இதைச் சொன்னபோது அவளுடைய கணவர் முனீப் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீயும் போனுக்குள்ள போயிற்றாய் எண்டா எனக்குச் சோறு ஆர் புள்ள ஆக்குற?"

"நீங்களும் வாங்க. அங்க ஹோட்டல் இருக்காம்."

ஆனால் பிள்ளைகள் வந்தார்கள். அது அவளுக்கே ஆச்சரியம். முதலில் மெசெஞ்சரில் வந்தார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். பஸ்மியா குசினியில் அடுப்பைப் பார்த்தபடி நின்று அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிப்பாள். "மிஸ் புக் இருக்கா", "மிஸ் பாஸ்ட் பேப்பர் இருக்கா", "மிஸ் ஏசி இருக்கா". ஏசி இல்லை, காற்று வரும் என்று பதில் எழுதினாள். அதற்கு ஒருவன் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற மஞ்சள் முகம் அனுப்பினான். அடுத்த நாள் நேரில் வந்து, "மிஸ், காத்து எங்க மிஸ்?" என்று கேட்டான். அவன்தான் அஸ்ஹான். அவனுக்குப் பின்னால் அவனுடைய கூட்டாளிகள் வந்தார்கள். பிறகு பெண்பிள்ளைகளும் வந்தார்கள்.

பெண்பிள்ளைகள் வந்த முதல் வாரத்திலேயே ஒரு பிரச்சினை. வாசிப்பு மேசையில் இருந்த ஒரு பிள்ளையின் முகம் படத்தில் விழுந்துவிட்டது. கீழே ஆரோ பெடியன்கள் வரிசையாக இதயம் போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் தாய் குடையைக்கூட மடக்காமல் வாசலில் வந்து நின்றார்.

"பொம்பிளப் பிள்ளையின்ர முகத்த ஊரெல்லாம் பாக்க வச்சிருக்கிறீங்கள். உங்கட பிள்ளையெண்டாப் போடுவீங்களா மிஸ்?"

பஸ்மியாவுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். அதைச் சொல்லவில்லை. அந்தத் தாய் கேட்டது நியாயம் என்றுதான் பட்டது. படத்தை உடனே அழித்தாள். அன்றிலிருந்து போனைக் கையில் எடுத்ததும் முதலில், "பொம்பிளப் பிள்ளையள், கொஞ்சம் அங்கால" என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு அலுமாரிகளுக்குப் பின்னால் போவார்கள். கொஞ்ச நாளில் இந்தப் பக்கம் திரும்பி வருவதை விட்டுவிட்டார்கள். அங்கே ஒரு யன்னல் இருந்தது, துறைமுகப் பக்கத்துக் காற்று வந்தது, பெடியன்களின் பார்வை இல்லை. பஸ்மியா பழைய மேசையொன்றை இழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இப்படி ஒரு நல்ல ஏற்பாடு தன் புத்தியில் வந்ததில் அவளுக்குச் சின்னப் பெருமையும் இருந்தது.

அந்த மேசையில் நாள் தவறாமல் இருந்தவள் கீர்த்தனி. உயர்தரம், உயிரியல் பிரிவு. அவளுக்குத் தேவையான புத்தகங்கள் இரவல் கொடுக்கிற புத்தகங்கள் அல்ல, அங்கேயே இருந்துதான் எழுதி எடுக்க வேண்டும். வீட்டில் இரண்டு தம்பிகளும் ஒரு தொலைக்காட்சியும் ஒரே அறையில். "மிஸ், எங்கட வீட்டில தவளையின்ர இதயத்தப் படிச்சா, நடுவில கார்ட்டூன் பூனை வந்து பாயும்" என்பாள்.

அவளுடைய அப்பா பாக்கியரத்தினம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அங்கத்துவப் படிவத்தில் கையெழுத்து வைக்க வந்த அன்று, பிள்ளை தனியே வந்து போவதைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கதைத்தார். பஸ்மியா அவருடைய போனை வாங்கி நூலகத்தின் பக்கத்தைத் தேடி, படங்கள் வந்து விழும்படி தானே அமத்திக் கொடுத்தாள். "ஒவ்வொரு நாளும் பின்னேரம் படம் போடுவன் ஐயா. நீங்கள் மேல இருந்துகொண்டே பாக்கலாம்."

பெண்பிள்ளைகள் படத்தில் விழமாட்டார்கள் என்பதைச் சொல்ல அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அவர் பார்த்தார். தேநீர் இடைவேளையில், கிரேனின் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அவர் மட்டுமல்ல, மற்றப் பெற்றாரும் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகளைத் தேடிப் போனுக்குள் போனவளை இப்போது தாய்மார் தேடி வந்தார்கள். "மிஸ், மகன் அங்கயா?" என்று மெசெஞ்சரில் கேள்வி வரும். ஒருநாள் அஸ்ஹானின் உம்மா கேட்டபோது அவன் மைதானத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்தான். பாவம், சோதனை முடிந்த பிள்ளை என்று நினைத்து, "ஓம், இஞ்சதான்" என்று எழுதிவிட்டாள். அன்றைய படத்தில் அவன் இல்லை. உம்மா படத்தையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். 'மிஸ்ஸைக் கேட்டுப் பிரயோசனமில்லை, படத்தைப் பாருங்கோ' என்று கீழே எழுதியும் இருந்தார். அது பாக்கியரத்தினத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு கீர்த்தனி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வேறொரு பிள்ளை வந்து சொன்னாள்: "மிஸ், கீர்த்தனிய வீட்டில மறிச்சுப் போட்டினம். லைப்ரரிக்கு எண்டு சொல்லிப்போட்டு வேற எங்கயோ போறாளாம். ஒரு படத்திலயும் அவள் இல்லையாம்."

பஸ்மியா அன்றே முனீப்பின் ஓட்டோவில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். வருகைக் கையெழுத்துப் புத்தகத்தையும் கொண்டு போனாள். பாக்கியரத்தினம் வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். கதிரை போட்டார். தேத்தண்ணி வந்தது. கீர்த்தனி வெளியே வரவில்லை.

"பிள்ளை ஒவ்வொரு நாளும் வந்தவ ஐயா. நான் என்ர கண்ணால கண்டனான்."

அவர் மகளின் கையெழுத்துகளை மட்டும் பார்த்தார். "கையெழுத்து வைக்க எவ்வளவு நேரம் மிஸ். வச்சுப்போட்டு வெளிக்கிடலாந்தானே."

"அவ அலுமாரிக்குப் பின்னால இருந்தவ. பொம்பிளப் பிள்ளையள் படத்தில விழக்கூடாதெண்டு நான்தான் அங்கால விட்டனான். நல்லாப் பாருங்கோ, எந்தப் படத்திலயும் ஒரு பொம்பிளப் பிள்ளையும் இல்ல."

"அதத்தானே மிஸ் நானும் பாத்தனான்." அவருடைய குரல் உயரவே இல்லை. "முழுக்கப் பெடியங்கள். நீங்கள் சொல்லுறது பொய்யெண்டா, இவள் வேற எங்கயோ போயிருக்கிறாள். உண்மையெண்டா, அத்தனை பெடியங்களுக்க இவள் ஒருத்தி போய் இருந்திருக்கிறாள். ரெண்டில எதுக்கு நான் விடுறது?"

"ஒருத்தி இல்ல ஐயா, ஆறேழு பேர்."

"ஆரார்?"

பெயர்களைச் சொன்னால் நாளைக்கு அத்தனை வீட்டிலும் இதே கேள்வி எழும். நூலகத்திலிருந்து வெளிக்கிடும்போதுதான் பின்மேசைப் பிள்ளை ஒருத்தி கும்பிட்டுக் கேட்டிருந்தாள், "என்ர பேரைச் சொல்லிப்போடாதீங்கோ மிஸ்." கையெழுத்துப் புத்தகத்தில் அந்தப் பெயர்களும் இருந்தன. பஸ்மியா அதை மெல்ல மூடி மடியில் வைத்தாள்.

"நீங்கள் இரக்கமான ஆள் மிஸ்" என்றார் பாக்கியரத்தினம். "பிள்ளையளுக்காக ஒரு சொல்லுச் சொல்லுவீங்கள். அது எனக்குத் தெரியும். அதாலதான் யோசிக்கிறன். நான் அவளுக்குக் கை வைக்கேல்ல. கேட்டன். அம்மாவாணை லைப்ரரிதான் எண்டு சத்தியம் பண்ணுறாள். அந்தச் சத்தியத்தத்தான் என்னால தாங்க ஏலாமக் கிடக்கு."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

திரும்பி வருகையில் முனீப், "வீட்டுக்குப் போய்ச் சொல்லுறத விட்டுப்போட்டு உன்ர பக்கத்திலயே எழுது. அவங்க நம்புறது அதத்தானே" என்றார். அவளுக்கும் அது சரியாகப் பட்டது. குசினியில் நின்றபடியே எழுதினாள்: எமது நூலகத்துக்குப் பெண் பிள்ளைகளும் தினமும் வருகிறார்கள். அவர்களுடைய நலன் கருதியே படத்தில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கெனத் தனியான இடம் உண்டு.

காலையில் பார்த்தபோது அந்தப் பக்கத்தில் அதுவரை வராத கூட்டம் வந்திருந்தது. 'தனியான இடம் எங்க மிஸ்?' என்று ஒருவன் கேட்டிருந்தான். 'நாங்களும் அங்கத்துவராகலாமா?' என்று இன்னொருவன். அவளுக்குப் பழக்கமில்லாத பெயர்கள், கிண்ணியா, கப்பல்துறை என்று எங்கிருந்தெல்லாமோ. சில பெண்பிள்ளைகளின் பெயரைப் பகிடியாகக் குறிப்பிட்டும் எழுதியிருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். அழிக்க அழிக்க வந்தன. கடைசியில் முழு அறிவித்தலையும் நீக்கினாள். உடனே, நீக்கியதற்குக் காரணம் கேட்டுத் தாய்மார் எழுதினார்கள்.

இரண்டு மோட்டார் சைக்கிள்கள் பின்னேரங்களில் பின்பக்க யன்னலுக்கு நேரே வந்து நிற்கத் தொடங்கின. அவள் வெளியே போய்ப் பேசினாள். "நாங்கள் ரோட்டிலதானே மிஸ் நிக்கிறம்" என்றார்கள். ரோட்டில்தான் நின்றார்கள். யன்னலைச் சாத்தினாள், பெண்பிள்ளைகளுக்குப் புழுங்கியது. ஒருத்தி வரவில்லை. அடுத்த நாள் அவளுடைய கூட்டாளி வரவில்லை. அந்த மாதம் முடியுமுன் பின்மேசையில் ஒருவரும் இல்லை.

சபையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். எல்லாக் கிளைகளிலும் அவளுடைய பக்கத்துக்குத்தான் ஆகக் கூடிய பார்வையாம். "என்ன மிஸ் செய்தனீங்கள்? மற்ற ஆக்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கோ."

"ஒண்டும் செய்யேல்ல சேர்" என்றாள். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பாக்கியரத்தினம் ஒரு பின்னேரம் நூலகத்துக்கு வந்தார். கீர்த்தனியின் அங்கத்துவ அட்டையும், அவள் இரவல் எடுத்திருந்த ஒரு கதைப் புத்தகமும் பையில் இருந்தன. கீர்த்தனியைக் கட்டைபறிச்சானில் இருக்கிற சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டாயிற்று என்றார். பாடசாலையும் அந்தப் பக்கம் மாற்றியாயிற்று. பாதியில் போன பிள்ளைக்குக் கலைப் பிரிவில்தான் இடம் கிடைத்தது.

"அவ டொக்டருக்குப் படிக்க வேணுமெண்டு நிண்ட பிள்ளை ஐயா."

"ஓம் மிஸ். தெரியும்."

அவர் உடனே போகவில்லை. முதல்தரம் வந்ததுபோல் கூரையையும் மேசைகளையும் பார்த்தார். பிறகு மெல்ல நடந்து அலுமாரிகளுக்குப் பின்னால் போனார். பஸ்மியா எழும்பினாள். அங்கே பழைய மேசையும் சாத்திய யன்னலும் நாலைந்து கதிரைகளும் இருந்தன. கதிரைகளில் தூசி படிந்திருந்தது. இந்தப் பக்கம் பெடியன்கள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்தார்கள்.

அவர் திரும்பி வந்தார். "ஆரும் இல்லத்தானே மிஸ்" என்றார். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அவளை ஆறுதல்படுத்துகிற மாதிரித்தான் சொன்னார்.

"முந்தி இருந்தவை ஐயா."

"விடுங்கோ மிஸ். எனக்கு உங்களில கோவமில்ல."

பஸ்மியா திடீரென்று நினைத்துக்கொண்டு, இரவல் கொடுக்காத அலுமாரியைத் திறந்து உயிரியல் புத்தகத்தை எடுத்து வந்தாள். பிடிபட்டால் அதற்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். "இத ஒருக்காக் கொண்டுபோய்க் குடுங்கோ. வச்சுப் படிக்கட்டும். எப்ப ஏலுமோ அப்பத் தந்தாக் காணும்."

அவர் புத்தகத்தை வாங்கி, அதன் பாரத்தைக் கையில் பார்த்தார். பிறகு திரும்ப மேசையில் வைத்தார்.

"இப்பதான் மிஸ் அழாமச் சாப்பிடுதாம். சித்தி நேற்றுத்தான் சொன்னவ. இதக் கண்டா மறுபடி தொடங்கும்."

பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். பஸ்மியா அட்டையை இரத்துச் செய்து பழைய அட்டைகளின் கோவையில் போட்டாள். புத்தகத்தைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தாள். அலுமாரியைப் பூட்டினாள்.