ஓர் எழுத்தின் பொருளை மாற்றினேன்

அந்தக் காலையில் முனியாண்டி ஐயாவை ஏற்றிச்செல்ல வேன் வராமல் போனதற்குக் காரணம் நான். செல்வி அக்கா அல்ல. உங்களிடம்தான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

இணையதளங்கள் அமைக்க உதவும் ஒரு மென்பொருள் கட்டமைப்பை நானும் நண்பன் குமரனும் பராமரிக்கிறோம். செல்வி அக்கா ரஹாங் பகுதியில் டயாலிசிஸ் நோயாளிகளுக்காக வேன் சேவை நடத்துகிறார். அவருடைய முன்பதிவுத் தளத்தை அந்தக் கட்டமைப்பில்தான் செய்துகொடுத்தேன். தளம் சிக்கிக்கொண்டால் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, கடைசியில் ‘-r’ சேர்க்கச் சொல்லியிருந்தேன். ரீஸ்டார்ட், அதாவது மறுதொடக்கம்.

புதிய பதிப்பில் அதே ‘-r’ஐ ரீசெட் ஆக்கினேன். இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். பழைய பொருளை நம்பி எத்தனையோ பேர் இருப்பார்கள், புதியதற்கு வேறு எழுத்து வை, குறைந்தது அழிக்கும்முன் ஒரு கேள்வியாவது கேட்கட்டும் என்றான் குமரன். நான் அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஏன்...? பழையதைச் சுமந்து சுமந்து அலுத்துப்போயிருந்தேன். அவ்வளவுதான்.

அக்காவின் கணினியில் புதிய பதிப்பை ஏற்றியதும் நானே. அவரிடம் சொல்ல மறந்தேன். மறந்தேனா... சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேனா?

மறுநாள் மாலை தளம் சிக்கியது. பழக்கப்படி தட்டினார். பதிவுகள் அத்தனையும் போயின. நினைவிலிருந்தவர்களை எல்லாம் தொலைபேசியில் பிடித்துவிட்டார். மந்தின் ஊருக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்து வீட்டிலிருந்த முனியாண்டி ஐயா அந்த வாரம்தான் சேர்ந்தவர். அவர் மட்டும் விடுபட்டார்.

அடுத்த நாள் காலை வாசலில் உட்கார்ந்து வேனுக்காகக் காத்திருந்திருக்கிறார். பொழுது சாய்வதற்குள் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி... மருத்துவமனை. பிழைத்தார். ஆனால் பிறகு எழுந்து நடக்கவில்லை. மகள் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறாள்.

“தம்பி, நான்தான் என்னமோ தப்பா அமுக்கிட்டேன் போல லா” என்றார் அக்கா.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். “பரவால்லக்கா, யாருக்கும் நடக்கறதுதான்” என்றேன். என் குற்றத்துக்கு அவரை மன்னித்தேன்... என்ன மனிதன் நான்!

அடுத்த பதிப்பில் பழைய பொருளையே திரும்ப வைத்தேன். மாற்றக் குறிப்பில் ‘சிறு திருத்தம்’ என்று எழுதினேன். குமரன் படித்தான். அப்படியே வெளியிட்டான்.

இப்போதெல்லாம் அக்கா அந்தக் கணினியைத் தொடுவதில்லை. தளம் சிக்கினால் என்னைக் கூப்பிடுகிறார். போன வாரமும் போனேன். நாற்காலியைவிட்டு எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

“நீயே பண்ணிடு தம்பி. எனக்குப் பயமா இருக்கு.”

தட்டினேன். தளம் எழுந்தது. அவர் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.