கடைசி வீட்டுக் கதவு

இண்டூரில் நான் குடியிருந்த தெருவுக்குள் அந்த நெட்டை மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வருவார். தெருமுனையிலேயே மணியடிப்பார், ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொள்ளும். மனச்சிதைவு முற்றியிருந்த நாளில் அண்ணனை விறகுக்கட்டையால் அடித்தவர். இப்போது பல வருடங்களாக மாத்திரையில் அமைதியாக இருப்பவர்.

“எதுக்குங்க மணி?” என்றேன் ஒருநாள்.

“திடீர்னு என்னப் பாத்தா பயந்துக்குவாங்க சார். சாத்திக்கட்டும்.”

“அப்புறம் ஏன் இந்தத் தெருவுக்கு வர்றீங்க?”

“அந்தக் கடைசி வூடு எங்கண்ணன் வூடுங்க. என்னிக்காச்சும் சாத்தாம இருந்தா, உள்ள போயி ஒரு வாய் தண்ணி கேக்கலாம்னுதான்.”

போனார். வாசலில் நின்றிருந்த அண்ணன், தம்பி வருவதைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெயிலில் தெருவே கண்ணை மூடிக்கொண்டதுபோல் இருந்தது.

திரும்பி வந்தவர் முகத்தில் சிரிப்பு.

“பாத்தீங்களா சார்? இன்னிக்கு மெதுவாத்தான் சாத்துனாரு.”