பங்குதாரரான நாத்தனார்

பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கடலை எண்ணெய் மில் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கணவரோடு நானும் அங்கே நின்றேன். கடலை வாங்குவது, ஆட்களுக்குக் கூலி கொடுப்பது எல்லாம் நான்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் மில் நன்றாக ஓடியது. வருமான வரியும் கூடவே ஏறியது. வழி கேட்பதற்காக என் கணவர் சேலத்திலிருந்து ஓர் ஆடிட்டரை வரவழைத்தார்.

"மொத்த வருமானமும் உங்க ஒருத்தர் பேர்ல நிக்குதுங்க. பங்குதாரர் ஒருத்தரைச் சேத்துப் பத்திரம் எழுதிப் பதிவு பண்ணிட்டா, வருமானம் ரெண்டாப் பிரியும். வரி கொறையும்" என்றார் அவர்.

என் கணவர் என்னைக் கைகாட்டினார். "இவளையே சேத்துரலாங்களா?"

"சம்சாரம்னா பிரயோசனமில்லீங்க. அவங்க பங்கையும் உங்க வருமானத்தோட சேத்துத்தான் பாப்பாங்க. சட்டம் அப்படி. சொந்தத்துல வேற ஆரும் இல்லீங்களா?"

இருந்தாள். என் கணவரின் தங்கை. புருஷனை இழந்து எங்கள் வீட்டோடு இருந்தவள். மில் வாசலை மிதித்ததே இல்லை. தன் புருஷன் விட்டுப்போன பணத்தை முதலாகப் போட்டுப் பங்குதாரரானாள். பேருக்குப் பங்கு என்றால் செல்லாது, லாபத்தை நிஜமாகவே கொடுக்க வேண்டும் என்று ஆடிட்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் வரி குறைந்தது. கணவருக்குச் சந்தோஷம். எனக்கு வயிறு எரிந்தது. கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு கையெழுத்துப் போட பேங்குக்குப் போவாள். திரும்பி வந்து, "மேனேஜரே எந்திரிச்சு வணக்கம் சொன்னாருங்க அண்ணி" என்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவளை முதலாளியம்மா என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அடுத்த முறை ஆடிட்டர் வந்தபோது காபியைக் கையில் கொடுத்து நேராகவே கேட்டேன். "எனக்குன்னு தனியா வருமானம் ஆவவே ஆவாதுங்களா?"

"தாய்வூட்டுல போட்ட நகை இருந்தா வித்துத் தனியா யாவாரம் பண்ணுங்க. அது உங்க வருமானம். ஊட்டுக்காரர் பணம் ஒரு பைசா கலக்கக்கூடாது."

தர்மபுரிக்குப் போய் என் சங்கிலியை விற்றுவிட்டு வந்தேன். அந்தப் பணத்தில் மில்லுக்குப் பக்கத்திலேயே புண்ணாக்குக் கடை போட்டேன். மில்லிலிருந்துதான் சரக்கு. நான் கடைக்கு வந்துவிட்டதால், மில்லில் என்னிடம் வேலை கற்றுக்கொண்டு பில் போட்டவள் நாத்தனார்.

"வெலையக் கொறைக்க முடியாதுங்க அண்ணி. சொந்தக்காரங்களுக்குக் கம்மியாக் குடுத்தோம்னா கணக்குல மாட்டிக்குவோம்."

நான் சொல்லிக்கொடுத்த விலையை எனக்கே சொன்னாள்.

வருஷக் கடைசியில் ஆடிட்டர் என் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க வருமானம் வரம்புக்குள்ள அடங்கிருச்சுங்க. வரியே கெடையாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் நாத்தனார் தன் வரிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வரி கட்டுகிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் அந்தத் தாலுக்காவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

பருத்திக்கொட்டையும் சேர்த்து விற்றேன். பாப்பிரெட்டிப்பட்டிக்கு வண்டி அனுப்பினேன். சில வருஷம் கழித்து என் வருமானம் வரம்பைத் தாண்டியது.

"ஒரு இன்சூரன்ஸ் போட்டீங்கன்னா இதையும் கொறச்சிரலாங்க" என்றார் ஆடிட்டர்.

"அடுத்த வருஷம் போடறேனுங்க. இந்தத் தடவை முழுசாக் கட்டிக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார் என் கணவர். பணத்தை நானே கொண்டுபோய்க் கட்டினேன். அந்த வருஷமும் நாத்தனார் கட்டிய வரி என்னுடையதை விட அதிகம். அதுவும் உறுத்தத்தான் செய்தது.