அப்பாவின் இடது பக்கம்

இன்று பெருங்களத்தூரில் பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்கையில், பக்கத்தில் நின்றவரின் ஸ்வெட்டரிலிருந்து அந்துருண்டை வாசனை வந்தது. அப்பாவின் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தால் வரும் அதே வாசனை. இந்த நிறுத்தத்துக்குப் பின்னால், இப்போது அடுக்குமாடி நிற்கிற இடத்தில்தான் எங்கள் ஓட்டு வீடு இருந்தது.

பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று வந்த அப்பா, தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பெட்டியைச் சுற்றிய பச்சைக் கம்பளியை நான்காக மடித்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு டிவி சீரியலுக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகளின் ஹாரனுக்கும் மேலே குடும்ப ஜெபத்தின் கீர்த்தனையை ஆரம்பிப்பார்; அம்மாவும் அண்ணனும் நானும் சேர்ந்து பாட வேண்டும், சுருதி விலகினால் நிறுத்தி மறுபடி முதல் அடியிலிருந்து. பீரங்கிச் சத்தத்தில் அவருடைய இடது காது போயிருந்தது. பள்ளிக்கூடமும் டியூஷனும் முடித்து, மின்சார ரயிலில் நசுங்கி வந்த அலுப்பில், நான் அந்தப் பக்கமாகவே உட்கார்ந்து வெறுமனே வாயசைப்பேன். வருஷக்கணக்கில் அப்படித்தான்.

ஒரு நாள் ஜெபம் முடிந்து, பெட்டிக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "களைப்பா இருந்தா அந்தப் பக்கமே உக்காந்துக்கோம்மா. ஆண்டவருக்கு ரெண்டு காதும் நல்லா கேக்கும்."

என் தொண்டை அசையாததைக் கவனித்திருப்பாரோ என்னவோ. மறுநாளும் இடது பக்கம்தான் உட்கார்ந்தேன். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே, வாய்விட்டுப் பாடினேன்.