பனியன் கம்பெனி தந்த வருகைச் சான்று

வருகை குறைந்த மாணவர் தகுந்த காரணம் காட்டினால், மாவட்டக் கல்வி அலுவலர் அக்குறைவை மன்னித்துப் பொதுத்தேர்வு எழுத அனுமதிக்கலாம் என்பது விதி. தகுந்த காரணம் என்றால் நோய். நோய் என்றால் மருத்துவச் சான்று. அதற்கு மேல் யோசிக்கும் வழக்கம் விதிக்கு இல்லை.

அப்போது நான் வீரபாண்டிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தீபாவளி விடுமுறை முடிந்தும் வரவில்லை. நோய் ஏதுமில்லை. பனியன் கம்பெனியில் தாய் தைக்க, இவள் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று முறை ஆளனுப்பினேன். பொங்கல் கழிந்து இருவரும் வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம்.

"பரீட்சை எழுதியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கா சார். நீங்கதான் ஏதாவது பண்ணணும்" என்றார் தாய்.

"வராத நாளுக்கெல்லாம் சர்ட்டிபிகேட் வேணுங்க. வாங்கிட்டு வாங்க" என்றேன். எந்தச் சர்ட்டிபிகேட் என்று சொல்லாதது என் பிழை.

மறுநாளே கொண்டுவந்தார். கம்பெனியின் லெட்டர்பேடு, சீல், சூப்பர்வைசர் கையெழுத்து. மேற்படி நாட்களில் இப்பெண் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்தாள் என்று சுத்தமாக டைப் அடித்திருந்தது.

"ஒருநா கூட மட்டம் போடல சார். அவரே சந்தோஷமா எழுதித் தந்தாரு."

எழுத்தர் வாங்கிப் படித்தார். "ஏனுங்க சார், நம்ம வாத்தியாருங்க ஒருத்தருக்காவது இப்பிடி எழுதித் தர முடியுங்களா?"

பெண் மட்டும் சிரிக்கவில்லை. "ஷிப்மெண்ட் போயாச்சு சார். இனிமே டெய்லி வருவேன்."

அந்தத் தாளை விண்ணப்பத்துடன் இணைத்தால் அன்றைக்கே நிராகரிப்பார்கள். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். முழுமையான விண்ணப்பத்தை மறுக்க அலுவலகத்துக்கு ஒரு நாள் போதும். குறையுள்ள விண்ணப்பத்தை மறுக்க முடியாது, விளக்கம்தான் கேட்க வேண்டும். விளக்கம் கேட்கும் கடிதம் ஐந்து மேசைகளில் ஏறி இறங்கும். எனவே காரணம் என்ற இடத்தில் "குடும்பச் சூழல், விவரம் பின்னர்" என்று எழுதி, பரிந்துரையுடன் அனுப்பினேன்.

அவள் சொன்னபடி தினமும் வந்தாள். ஹால் டிக்கெட்டுகள் வந்தபோது அவளுடையதும் அந்தக் கட்டுக்குள் இருந்தது. எழுத்தர் என் முகத்தைப் பார்த்தார். மறுப்பு எழுத்தில் வராதவரை அதை நிறுத்திவைக்க எனக்கு அதிகாரமில்லை என்று கோப்பில் குறிப்பெழுதி, அவள் கையில் கொடுத்தேன். எல்லாத் தேர்வும் எழுதினாள்.

விவரத்தையும் உரிய சான்றையும் உடனடியாக அனுப்பக் கோரி அலுவலகத்தின் பதில் வந்து சேர்ந்தது, கடைசித் தேர்வான சமூக அறிவியல் முடிந்த மறுநாள்.