சாமி வந்ததும் கழற்றிய செருப்பு

மால்டாவில் நர்ஸாக வேலை பார்க்கும் மகளிடம் பெங்களூரிலிருந்து போயிருந்தேன். ஒரு மாலை அங்கே சர்ச் திருவிழா. மாதா சிலை தோள்களில் மெல்ல மிதந்து வந்தது. மேலே வாணவேடிக்கை, காற்றெல்லாம் வண்ணக் காகிதம். கனவுக்குள் நிற்பதுபோல் இருந்தது. பெங்களூரில் எங்கள் மர்பி டவுன் தெருவில் சாமி வந்தால் செய்வதுபோல, என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டபடி ஓரடி முன்னே வைக்கப் போனேன்.

"மா, கால வெக்காத! கீழ நெருப்பு!" என்று மகள் கத்தினாள்.

காலடியில் குவிந்த காகிதத்துக்குள் பட்டாசுத் துண்டு ஒன்று கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்மணி சட்டென்று குனிந்து, என் பாதத்தைப் பிடித்துச் செருப்பை மாட்டிவிட்டாள். அதற்குள் மாதா கடந்துபோனதை அவள் பார்க்கவே இல்லை.

இப்போது தீபாவளிக்கு எங்கள் தெருவே வானத்தைப் பார்க்கும்போது, நான் பக்கத்தில் நிற்பவர்களின் கால்களைப் பார்க்கிறேன்.